அரைக் கட்டை மேலே

அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துகிறீர்களா சார்? கோபித்துக்கொள்ளாதீர்கள். காதில் மாட்டிக்கொண்டு கேட்டாலும் வேண்டாம். நீங்கள் தொடையில் தாளம் போடுகிறீர்கள். அதை வைத்தே பாட்டில் எந்த இடம் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். திருச்சிக்குத்தானே போகிறீர்கள்? பஸ் அங்கே போய்ச் சேரும்வரைக்கும் அவள் குரல் வேண்டாம்.

'ரயில் போன பிறகு.' பாடியது ஜெசிந்தா. தெரியும் சார். உங்களுக்கு அவளை எத்தனை நாளாகத் தெரியும்? இரண்டு மாதமா? எனக்குப் பதினோரு வருடம்.

மேலே தட்டில் நீளமாக ஒரு கறுப்பு உறை இருக்கிறதே, அதற்குள் இருப்பது என் கீபோர்டு. நேற்று சாயங்காலம் சென்னையில் அவளுடைய முதல் தனிக் கச்சேரி நடந்ததல்லவா, அதில் கடைசிப் பாட்டுக்கு வாசித்தது நான்தான். அப்படிப் பார்க்காதீர்கள். வாசிக்கப் போகவில்லை, கெடுக்கப் போனேன். ஆயிரம் பேர் முன்னால் அந்த ஒரு பாட்டை நாசமாக்கத்தான் போனேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. காரணத்தைக் கேட்டால் நீங்களே நியாயம் என்பீர்கள்.

என் பெயர் பிலவேந்திரன். ஊர் பொன்மலை. 'ஸ்டெல்லா மெலடீஸ்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லையா? சரி, உங்களுக்குத் திருச்சியில் வேலை மட்டும்தான் போலிருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, மாரியம்மன் கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். ஸ்டெல்லா என் மனைவி. அவளுக்குப் பாட்டே பிடிக்காது. பெயர் நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டேன்.

என் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. கச்சேரி தொடங்கும்போது அறிவிப்பாளர் என் பெயரைச் சொல்வார். உடனே மேடையில் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுவார். நான் கும்பிடுவேன். பிறகு உட்காருவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெசிந்தா சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். லால்குடியில் ஒரு வரவேற்பு. என் பெயரைச் சொல்கிறார்கள். எல்லோரும் எழுகிறார்கள். இவள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். பாட்டிலை மூடிவிட்டு எழுந்திருக்கலாம் அல்லவா? எழுந்திருக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

அடுத்தது அவள் பாட்டு.

இங்கே உங்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். பாட்டுக்கு 'கட்டை' என்று சொல்வார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை மாடிப்படி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எந்தப் படியில் நின்று பாடினால் அவருக்கு உச்சி எட்டுமோ அந்தப் படியில்தான் பாட்டைத் தொடங்க வேண்டும். ஒரு படி மேலே தொடங்கினால் உச்சியும் ஒரு படி மேலே போய்விடும். தொண்டை எட்டாது. என் கீபோர்டில் இடது கைப் பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. ஒரு தடவை அமுக்கினால் அரைக் கட்டை ஏறும். என் விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும். சத்தம் மட்டும் ஒரு படி மேலே கேட்கும். மேலே சிவப்பாக 'ஒன்று' என்று எண் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசிக்கிற சகாயத்துக்குத் தெரியும். சிவப்பு எண்ணைப் பார்த்தால் அவனும் கிட்டாரின் கழுத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு என்னோடு ஏறிவிடுவான்.

அமுக்கினேன். அவள் பல்லவியைத் தாண்டினாள். சரணத்தில் ஒரு உச்சி வருகிறது. அங்கே குரல் உடைந்தது. பந்தியில் இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது போதும்.

வேனில் வரும்போது கேட்டாள்: "அண்ணே, ஸ்கேல் ஏத்துனீங்களா?"

"ஒந் தொண்டைய ஒழுங்கா வச்சுக்க. வெந்நி குடி" என்றேன்.

சகாயம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் கேட்கவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட் வந்துவிட்டது. வெள்ளரிப் பிஞ்சு வாங்குகிறீர்களா? எனக்கு வேண்டாம், உப்பு ஆகாது. சரி, ஒரு துண்டு கொடுங்கள்.

அடிக்கடி செய்தேன் என்று நினைக்காதீர்கள். தேவைப்பட்டபோது மட்டும். மணப்பாறையில் ஒரு திருவிழா. ஜனங்கள் பிடித்த பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். அன்றைக்கு வந்த சீட்டுகளில் பாட்டின் பெயரே இல்லை. 'நீலச் சேலை அக்கா இன்னொரு பாட்டு பாடவும்.' எல்லாம் இதே. சீட்டுகளை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்த பாட்டுக்கு இரண்டு தடவை அமுக்கினேன். ஒரு பெண்ணின் தலைக்குக் கனம் ஏறிவிடக் கூடாது என்கிற அக்கறை. வேறென்ன?

ஆனால் அவள் பழகிவிட்டாள் சார். அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு படி ஏற்றினால் அடுத்த வாரம் அந்தப் படியில் நிற்கிறாள். உச்சியில் குரல் உடைகிற இடத்தை மறைக்காமல், வேண்டுமென்றே உடைக்க ஆரம்பித்தாள். கரகரவென்று ஒரு சத்தம். அழுகையா, கோபமா என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் விசில் பறக்கும். உங்கள் போனில் ஓடிய பாட்டில், 'பாலம்' என்கிற சொல்லில் ஒரு உடைசல் வருகிறதே, அந்த இடத்தில் நீங்கள் தாளத்தைக்கூட நிறுத்திவிட்டீர்கள். அந்த உடைசல் என் தயாரிப்பு சார். பதினோரு வருடம் என் விரலால் செய்தது.

ஒரு தடவை ஒத்திகையில் வந்து நின்றாள். பொன்மலையில் ரயில்வே கார்டாக இருந்து ரிட்டையரான டெஸ்மண்ட் என்று ஒரு ஆங்கிலோ இந்தியர். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவள் டியூஷன் எடுத்தாள். அவரிடம் அந்தக் காலத்து ரெக்கார்டுகள் அலமாரி நிறைய இருந்தன. அமெரிக்கக் கறுப்பர்கள் பாடிய சோல் பாட்டு, பாப் பாட்டு. சர்ச்சில் ஜெபம் பண்ணுகிற மாதிரி தொடங்கும், காதலில் போய் முடியும். பின்னால் மூன்று பெண்கள் கை தட்டிக்கொண்டே 'ஊ' என்பார்கள். இவளுக்கு அது பைத்தியமாகப் பிடித்துவிட்டது.

"அண்ணே, அது மாதிரி நானே தமிழ்ல ஒரு பாட்டு எழுதி வச்சிருக்கேன். ஒரே ஒரு தடவ மேடையில பாடிக்கிறேனே."

"கல்யாண வீட்டுல வந்து ஒப்பாரி வைக்கப் போறியா?" என்றேன்.

குழு முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் சிரித்தபடியால், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன்.

போன வருடம், சரியாக மாதா கோயில் திருவிழாக்கள் தொடங்குகிற நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தாள், அது வேறு விஷயம். கையில் லட்டு டப்பாவோடு கேட்டுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றாளாம். நான் கதவைத் திறக்கவில்லை. திறக்காத கதவுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனால் அது சொல்லிவிட்டுப் போனதாகுமா? ஸ்டெல்லாதான் பின்பக்கமாகப் போய் டப்பாவை வாங்கினாள். லட்டு நன்றாக இருந்தது என்றும் சொன்னாள். எப்படி இருக்கிறது பாருங்கள்!

சகாயமும் அவளோடு போய்விட்டான். பிறகு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். இப்போது என்னோடு இருப்பது ஒரு பாடகரும் ஒரு லேப்டாப்பும்தான். போன மாதம் ஒரு காதுகுத்தில் அறிவிப்பாளர் என் பெயரைச் சொன்னார். எழுந்து நிற்க யாருமில்லை. லேப்டாப் எழுந்து நிற்குமா?

அதற்குள் அவளுடைய ஆல்பம் வந்துவிட்டது. எட்டுப் பாட்டு. பழைய ரெக்கார்டு மாதிரியே பெரிய தட்டாகவும் போட்டிருக்கிறார்கள். உறையின் பின்பக்கம் நன்றி சொல்லி ஒரு பட்டியல். ஸ்டெல்லாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். டெஸ்மண்டுக்கு நன்றி. சகாயத்துக்கு நன்றி. வேன் டிரைவர் மாரிமுத்துவுக்கு நன்றி. ஒத்திகைக்கு டீ கொடுத்த கடைக்கு நன்றி.

"ஒங்க பேரு இல்லீங்க" என்றாள் ஸ்டெல்லா.

"மறுபடி பாரு."

"மூணு தடவ பாத்துட்டேன். நம்ம வீட்டு கேட்டுக்கு வேணா நன்றி சொல்லியிருப்பா. அரை மணி நேரம் சாய்ஞ்சு நிக்க இடம் குடுத்துச்சு. நீங்க என்ன குடுத்தீங்க?"

அன்றைக்கு முடிவு செய்தேன். அவளை எங்கே தூக்கி வைத்திருக்கிறார்களோ அங்கேயே வைத்துக் கவிழ்க்க வேண்டும் என்று.

கர்த்தரே வழி காட்டினார் என்பேன். மூன்று வாரம் முன்பு சகாயத்திடமிருந்து போன். "அண்ணே, சென்னையில ஜெசிந்தாவோட மொத கச்சேரி. கடைசிப் பாட்டு 'ரயில் போன பிறகு'. அதுக்கு மட்டும் நீங்க வாசிக்கணும்னு ஆசப்படுது. அந்தப் பழைய கீபோர்டையே கொண்டு வரச் சொல்லுச்சு."

பார்த்தீர்களா? நான் இல்லாமல் முடியவில்லை. பழைய கீபோர்டு வேண்டுமாம். சென்டிமென்ட்! நான் இரண்டு நாள் யோசிக்கிற மாதிரி நடித்துவிட்டுச் சரி என்றேன்.

கீபோர்டை நான் துணி போட்டுத் துடைப்பதைப் பார்த்து ஸ்டெல்லா வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "ஒரு பொம்பளையோட தொண்டைகூட ஒங்களுக்கு என்னங்க சண்ட? போய் நல்லபடியா வாசிச்சிட்டு வாங்க."

"நல்லபடியாத்தான் வாசிப்பேன்" என்றேன்.

உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்துவான். இறங்க வேண்டாம் சார், கதையை முடித்துவிடுகிறேன்.

என் திட்டம் சுலபமானது. கடைசிப் பல்லவிக்கு முன்னால் தாளத்தில் எட்டு அடிக்கு டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும். மற்ற எல்லோரும் சும்மா இருப்போம். அந்த இடைவெளியில் பொத்தானை அமுக்கிவிடுவேன். சகாயம் பழக்கத்தில் சிவப்பு எண்ணைப் பார்த்து என்னோடு ஏறிவிடுவான். ஆனால் டிரம்பெட், சாக்ஸபோன் வாசிக்கிற மூன்று பேர் சென்னைக்காரர்கள். அவர்களுக்கு எங்கள் பழக்கம் தெரியாது. அவர்கள் கீழே நிற்பார்கள், நாங்கள் மேலே நிற்போம், இவள் நடுவில் மாட்டிக்கொள்வாள். ஒரே சந்தைக்கடை. நாளைக்கு ஊரெல்லாம் அந்த ஒரு நிமிடத்தைத்தான் போனில் போட்டுப் பார்க்கும்.

மத்தியானம் ஒத்திகை. முழுப் பாட்டும் பார்த்தோம், கடைசிப் பல்லவியைத் தவிர. "அத மேடையில பாத்துக்கலாம்ணே. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். ஸ்டெல்லாக்காவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பூனை மாதிரி சார்.

சாயங்காலம் அரங்கம் நிரம்பிவிட்டது. பொன்னிற ஜரிகைச் சேலை, கொண்டையை உயரமாகத் தூக்கி முடிந்திருக்கிறாள். பின்னால் மூன்று பெண்கள் ஒரே மாதிரி சேலையில். நான் திரைக்குப் பின்னால் நின்று ஏழு பாட்டையும் கேட்டேன். எப்படி இருந்தது என்றா கேட்கிறீர்கள்? நான் பாட்டைக் கேட்கவா போனேன்? நாலாவது பாட்டில் ஒரு இடம் நன்றாக இருந்தது. ஆறாவதிலும். அதை விடுங்கள்.

பிறகு என்னை அழைத்தாள். "கீபோர்டு, பிலவேந்திரன் அண்ணன்." அவ்வளவுதான். பதினோரு வருடத்துக்கு மூன்றே சொல். கை தட்டினார்கள். மேடையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்குள் இருந்த கொஞ்சம் இரக்கமும் அத்தோடு போயிற்று.

பாட்டு தொடங்கியது.

ரயில் போன பிறகும் ஆடுது பாலம்,
நீ போன பிறகும் ஆடுறேன் நானும்.

நன்றாகத்தான் வாசித்தேன். யாரும் குறை சொல்ல முடியாது. டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற அந்த எட்டு அடி வந்தது. இவள் கூட்டத்தைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தாள், முதுகு என் பக்கம். மூன்றாவது அடியில் இடது கையை நகர்த்தினேன். அமுக்கினேன். சிவப்பு எண் மின்னியது. சகாயம் பார்த்தான். அவன் முகம் சின்னதாகிப் போயிற்று. கிட்டாரின் கழுத்தைத் தூக்கினான்.

எட்டாவது அடி முடிந்தது. வந்தது சார், கடைசிப் பல்லவி.

எல்லோரும் மேலே இருந்தார்கள்.

புரிகிறதா? டிரம்பெட், சாக்ஸபோன், கை தட்டுகிற மூன்று பெண்கள், எல்லோரும் ஒரே அடியில், ஒரே மாதிரி, அரைக் கட்டை மேலே. வானம் திறந்த மாதிரி இருந்தது. கூட்டம் 'ஓ' என்று எழுந்தது. அந்தக் காலத்து சோல் பாட்டில் கடைசியில் இப்படித்தான் ஒரு படி ஏற்றுவார்களாம். பிறகு சகாயம் சொன்னான். எனக்கென்ன தெரியும், நான் அவற்றை எங்கே கேட்டேன்?

அப்போதுதான் அவள் திரும்பினாள். என்னை நேராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். இன்னொன்று.

நான் என்ன செய்வேன்? எல்லோரும் ஏறப்போகிறார்கள். நான் ஏறாவிட்டால் கீழே தனியாக நிற்பவன் நான்தான். ஆயிரம் பேர் முன்னால் அபஸ்வரம் என்னுடையதாகிவிடும். அமுக்கினேன். பல்லவி முடிந்ததும் மறுபடி விரல். அமுக்கினேன். பதினோரு வருடம் அவளை மிரட்டிய அதே பொத்தானை, அவள் விரலைப் பார்த்துப் பார்த்து, வேலைக்காரன் மாதிரி அமுக்கினேன் சார். கடைசி உச்சியில் அவள் குரலை உடைத்தாள் பாருங்கள், லால்குடியில் உடைந்ததே, அதே உடைசல். அன்றைக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று ஒருவரும் உட்காரவில்லை.

கச்சேரி முடிந்ததும் டிரம்பெட்காரர் முன்னால் இருந்த ஸ்டாண்டிலிருந்து இந்தத் தாளை உருவிக்கொண்டு வந்தேன். இதோ, என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. லாட்ஜில் உட்கார்ந்து படித்தேன். அவள் கையெழுத்து, எனக்குத் தெரியாதா? பாட்டு நோட்டு முழுக்க அவள்தானே எழுதுவாள். படிக்கிறேன், கேளுங்கள். 'டிரம்ஸ் மட்டும், எட்டு அடி. எல்லோரும் சகாயத்தின் கிட்டாரைப் பார்க்கவும். கழுத்து உயர்ந்தால், அண்ணன் ஏற்றிவிட்டார் என்று அர்த்தம். அரைக் கட்டை மேலே. பிறகு என் விரலைப் பார்க்கவும்.'

இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்? ஒரு மனிதனை ஊரிலிருந்து வரவழைத்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, பொறி வைத்துப் பிடிப்பது! அவளைச் சும்மா விடுவேன் என்று நினைக்கிறீர்களா? அடுத்த மாதம் கோயம்புத்தூரில் கச்சேரியாம். கூப்பிடட்டும். போவேன். இந்தத் தடவை அமுக்கவே மாட்டேன். அப்போது என்ன செய்கிறாள், பார்க்கிறேன்.

தாளை ஏன் திருப்புகிறீர்கள்? பின்னால் ஒன்றும் இருக்காது. வேறு பாட்டாக இருக்கும். என்ன? அதே கையெழுத்தா? நீங்கள் படிக்க வேண்டாம், கொடுங்கள். என் பாட்டு நோட்டு எழுத்தை நானே படிப்பேன்.

'கழுத்து உயராவிட்டால், அண்ணன் ஏற்றவில்லை என்று அர்த்தம். யாரும் ஏற வேண்டாம். இருந்த இடத்திலேயே பாட்டை முடிப்போம். முடித்ததும் நான் அண்ணனைப் பற்றிப் பேசுவேன். அவர் பெயரை நான் சொல்லும்போது...'

வண்டி குலுங்குகிறது சார். எழுத்து ஆடுகிறது.

'...அவர் பெயரை நான் சொல்லும்போது, மேடையில் எல்லோரும் எழுந்து நிற்கவும். டிரம்ஸ் உட்பட.'

...

இதுவும் நடிப்புத்தான். நான் அமுக்குவேன் என்று தெரிந்துதானே எழுதியிருக்கிறாள்? தெரிந்தவள் பின்பக்கத்தை எதற்கு எழுத வேண்டும்? அதைச் சொல்லுங்கள். நீங்கள் படித்தவர்தானே, சொல்லுங்கள்.

வேண்டாம். ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உளுந்தூர்பேட்டை வந்துவிட்டது. டீ குடிக்க எல்லோரும் இறங்குகிறார்கள். நீங்களும் போய்விட்டு வாருங்கள் சார். நான் இங்கேயே இருக்கிறேன். போகும்போது அந்தப் போனை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறீர்களா?

எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டுங்கள்.